பூரமும் வீரமும்: சேர்மத்தின் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது

ரசம், லிங்கம், வீரம், பூரம், ரசசெந்தூரம் ஆகிய ஐந்தையும் பஞ்சசூதம் என்று ஒரே வரிசையில் வைக்கிறது சித்த மருத்துவம். ஐந்திலும் பாதரசம் இருக்கிறது என்பதைத் தெரிந்தே தொகுத்திருக்கிறார்கள். ஆனால் வீரத்துக்கும் பூரத்துக்கும் என்ன உறவு என்பதை அந்தப் பெயர்கள் சொல்லவில்லை. இரண்டும் வெண்மையானவை. இரண்டிலும் பாதரசமும் குளோரினும் தவிர வேறெதுவும் இல்லை. பூரத்தை ஐரோப்பிய மருத்துவர்கள் கலோமெல் என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். அது நல்ல மருந்து என்பதால் ஆள் பிழைக்கவில்லை. தண்ணீரில் அநேகமாகக் கரையாததால் பலர் தப்பினார்கள். வீரம் நன்றாகக் கரையும். சிறிதளவு உள்ளே போனாலும் குடலையும் சிறுநீரகத்தையும் அழித்துவிடும்.

வேதியியலில் பூரம் மெர்குரி(1) குளோரைடு, வீரம் மெர்குரி(2) குளோரைடு. வேறுபாடு அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஓர் எண்தான். அதை ரோம எண்ணில் எழுதுவது மரபு; இங்கே நம் வழக்கமான எண்ணிலேயே எழுதுகிறேன். வாய்ப்பாடுகளையும் வகுப்பில் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன். எச்₂ஓ என்றால் தண்ணீர் என்று புரியாதவர் இருக்க முடியாது.

அந்த ஓர் எண் ஏன் மெர்குரிக்கு வேண்டியிருக்கிறது, சோடியம் குளோரைடுக்கு ஏன் வேண்டியதில்லை? கார்பன் டைஆக்சைடில் வரும் 'டை' ஏன் கால்சியம் குளோரைடில் வருவதில்லை? அதிலும் குளோரின் இரண்டு இருக்கிறதே? பத்தாம் வகுப்பு மாணவர்கள் இவற்றைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சிக்கனம்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாததை மட்டும் பெயர் சொல்லும். கணக்கு தானாகத் தரக்கூடியதைச் சொல்லாது.

இந்தச் சிக்கனம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலும் பெயர்கள் நம் பூரம், வீரம் போலத்தான் இருந்தன. துத்தநாகப் பூ, ஆன்டிமனி வெண்ணெய், ஈயச் சர்க்கரை என்றெல்லாம் அழைத்தார்கள். ஈயச் சர்க்கரை உண்மையிலேயே இனிக்கும், இனித்துக்கொண்டே கொல்லும். எப்சம் உப்பு என்ற பெயரிலிருந்து இங்கிலாந்தில் எப்சம் என்றோர் ஊர் இருக்கிறது என்று தெரியும், உப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. திஜோன் நகரத்து வழக்கறிஞராக இருந்து வேதியியலுக்கு வந்த கித்தோன் த மோர்வோ, இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1782இல் ஒரு திட்டம் வைத்தார். 1787இல் அவரும் லவாய்சியே, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய மூவரும் சேர்ந்து புதிய பெயரீட்டு முறையை வெளியிட்டார்கள். எந்தத் தனிமங்களால் ஆனதோ அவற்றின் பெயர்களைச் சேர்த்தே சேர்மத்துக்குப் பெயரிட வேண்டும் என்றார்கள். ஆக்சைடு, சல்பேட்டு, சல்பைட்டு என்று இன்றும் நாம் எழுதும் விகுதிகளின் வேர் அங்கேதான்.

ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று லவாய்சியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை என்பது 1810 வாக்கில் ஆங்கிலேய வேதியியலாளர் டேவியின் ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. தவறான கோட்பாடு ஒன்றைத்தான் ஒவ்வொரு முறை மூச்சுவிடும்போதும் உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

பெயருக்குப் பிறகு குறியீடு. அணுக் கொள்கையை முன்வைத்த ஆங்கிலேயர் டால்டன் அணுக்களை வட்டங்களாக வரைந்தார். வட்டத்துக்குள் புள்ளி, கோடு, எழுத்து என்று வேறுபடுத்தினார். சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் 1813-14இல் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளையே குறியீடாக்கினார். அச்சுக்கோப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. டால்டனுக்கோ அறவே பிடிக்கவில்லை. இதைப் படிப்பதும் ஹீப்ரு படிப்பதும் மாணவனுக்கு ஒன்றுதான் என்று சலித்துக்கொண்டார். சோடியத்துக்கு என்ஏ, பொட்டாசியத்துக்கு கே, இரும்புக்கு எஃப்ஈ என்று வருவது நேட்ரியம், காலியம், ஃபெர்ரம் என்ற இலத்தீன் பெயர்களால். பொட்டாசியத்தில் 'கே' எங்கிருந்து வந்தது என்று குழந்தை கேட்டால் அது நியாயமான கேள்வி. 'அப்படித்தான், மனப்பாடம் செய்' என்பது நியாயமான பதில் ஆகாது.

குறியீடு கிடைத்தும் எண்ணிக்கை கிடைக்கவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரே பொருள்தான் தெரியுமென்றால் அது ஒன்றுக்கு ஒன்றாகத்தான் இருக்கும் என்று டால்டன் வைத்துக்கொண்டார். அவர் கணக்கில் தண்ணீர் எச்ஓ. அரை நூற்றாண்டு கழித்தும் குழப்பம் தீரவில்லை. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்துக்கு அன்று புழக்கத்தில் இருந்த 19 வாய்ப்பாடுகளை ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே தம் 1861 பாடநூலில் வரிசையாக அச்சிட்டுக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, அவகாட்ரோவின் மறக்கப்பட்ட கருதுகோளை (ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்பது) வைத்து அணு எடைகளைச் சீர்செய்யலாம் என்று இத்தாலியரான கனிசாரோ வாதிட்டார். அதன்பிறகே எச்₂ஓ நிலைபெற்றது. ஆக, இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் எழுதும் அந்தச் சிறிய 2, ஐரோப்பா முழுவதும் ஒரு தலைமுறை சண்டைபோட்டுப் பெற்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் பொதுவாக அயனிச் சேர்மம் உருவாகும். உலோகம் எலக்ட்ரானை இழந்து நேர் அயனி, அதாவது நேர் மின்சுமை கொண்ட துகள், ஆகும். அலோகம் வாங்கி எதிர் அயனி ஆகும். சேர்மத்தில் மொத்த மின்சுமை பூச்சியமாக வேண்டும். மளிகைக்கடைத் தராசுபோல இரு தட்டும் சமன்படும்வரை அயனிகளை எடுத்துவைக்க வேண்டியதுதான். கால்சியம் 2+, குளோரைடு 1−; எனவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு. வேறு எந்த எண்ணும் பொருந்தாது. பொருந்தாது என்பதால்தான் பெயரில் 'டை' தேவையில்லை. அலுமினியம் 3+, ஆக்சைடு 2−; இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன், ஏஎல்₂ஓ₃. இதை 'டைஅலுமினியம் டிரைஆக்சைடு' என்று எழுதும் மாணவர், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

பள்ளியில் சொல்லித்தரும் குறுக்கு மாற்று முறை (ஒன்றின் இணைதிறனை, அதாவது அதன் அயனியின் மின்சுமை எண்ணை, மற்றதன் காலடியில் எழுதுவது) இந்தச் சமன்பாட்டின் குறுக்குவழிதான். இலங்கைப் பாடநூல்கள் இணைதிறனை வலுவளவு என்றும், சேர்மத்தைச் சேர்வை என்றும் சொல்லும், கணக்கு ஒன்றே. குறுக்குவழிக்கு இரண்டு குழிகள் உண்டு. மெக்னீசியம் ஆக்சைடுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் எம்ஜி₂ஓ₂ வரும். அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு விகிதத்தைக் காட்டுவது என்பதால் எம்ஜிஓ என்று சுருக்க வேண்டும். இன்னொன்று அடைப்புக்குறி. கால்சியம் ஹைட்ராக்சைடில், அதாவது நீற்றிய சுண்ணாம்பில், ஹைட்ராக்சைடு என்ற தொகுதி முழுவதும் இரண்டு முறை வருகிறது. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 2 என்று போட்டால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்சிஜன் ஒன்றோடு நின்றுவிடும். மதிப்பெண் போவது இருக்கட்டும். அப்படி ஒரு பொருளே கிடையாது.

சிக்கல் தொடங்குவது, ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை ஏற்கும் உலோகங்களில். இரும்பு 2+ ஆகவும் இருக்கும், 3+ ஆகவும் இருக்கும். வெறும் 'இரும்பு குளோரைடு' என்றால் கணக்கு இரண்டு விடை தரும். எனவே பெயர் பேச வேண்டியதாகிறது: இரும்பு(2) குளோரைடு, இரும்பு(3) குளோரைடு. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டாக்கின் பெயரால் வழங்கும் முறை இது. அதற்கு முன் ஃபெரஸ், ஃபெரிக் என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் 'ஃபெரஸ்' இன்னும் உயிரோடு இருக்கிறது. சித்த மருத்துவத்தின் அன்னபேதியும் ஃபெரஸ் சல்பேட்டுதான். பழைய முறையின் குறை, அது ஒப்பீட்டை மட்டும் சொல்வது. '-அஸ்' என்றால் குறைந்த மின்சுமை, '-இக்' என்றால் கூடிய மின்சுமை. எவ்வளவு என்று சொல்லாது. ஃபெரஸ் 2, ஃபெரிக் 3. ஆனால் குப்ரஸ் 1, குப்ரிக் 2. ஸ்டானஸ் 2, ஸ்டானிக் 4. தாமிரத்துக்கும் வெள்ளீயத்துக்கும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும். ஸ்டாக் முறை வந்தபிறகும் இதைத் தேர்வில் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது. மருந்துக் குப்பியைப் படிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

மின்சுமைக் கணக்கு எவ்வளவு கூர்மையானது என்று காட்ட இரண்டு வாய்ப்பாடுகள் போதும்: எம்என்ஓ₂, பிஏஓ₂. பார்வைக்கு ஒரே அச்சு. டார்ச் செல்லை உடைத்தால் வரும் கருப்புப் பொடியில் இருப்பது முதலாவது. ஆக்சைடு ஒவ்வொன்றும் 2−, இரண்டும் சேர்ந்து 4−, எனவே மாங்கனீசு 4+. மாங்கனீசு அதற்கு உடன்படும். அது மாங்கனீசு(4) ஆக்சைடு. இரண்டாவதில் இருப்பது பேரியம். பேரியம் 2+ தவிர வேறு மின்சுமைக்கு உடன்படாது. அப்படியானால் அந்த இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தே 2− தான் இருக்க வேண்டும். அதாவது ஆக்சிஜன்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அது பேரியம் பெராக்சைடு. வாய்ப்பாட்டில் எங்கும் எழுதியிராத ஒரு பிணைப்பை வெறும் கூட்டல் கழித்தலால் கண்டுபிடித்துவிட்டோம்.

பூரத்திலும் இதே வித்தை நடக்கிறது. மெர்குரி(1) என்றால் 1+, குளோரைடு 1−, எனவே எச்ஜிசிஎல் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் பாதரச அணுக்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து, இரண்டுக்கும் சேர்த்து 2+ மின்சுமையோடு இருக்கின்றன. சரியான வாய்ப்பாடு எச்ஜி₂சிஎல்₂. இதைச் சுருக்கக் கூடாது. வீரம் எச்ஜிசிஎல்₂.

கணக்கால் எட்ட முடியாத இடம் ஒன்று இருக்கிறது: ஆக்சிஜன் சேர்ந்த எதிர் அயனிகள். நைட்ரேட்டில் ஆக்சிஜன் மூன்று, சல்பேட்டில் நான்கு, கார்பனேட்டில் மூன்று, பாஸ்பேட்டில் நான்கு. '-ஏட்டு' என்ற விகுதி எண்ணைச் சொல்லாது. இவற்றை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றை விகுதி தந்துவிடும். '-ஐட்டு' என்றால் ஓர் ஆக்சிஜன் குறைவு. அதற்கும் குறைந்தால் முன்னால் 'ஹைப்போ', '-ஏட்டு'வைவிடக் கூடினால் 'பெர்'. குளோரின் குடும்பம் நான்கு படியையும் ஏறுகிறது: ஹைப்போகுளோரைட்டு, குளோரைட்டு, குளோரேட்டு, பெர்குளோரேட்டு, ஆக்சிஜன் முறையே 1, 2, 3, 4.

தமிழில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சல்பைடு என்றால் கந்தகம் மட்டும். சல்பைட்டு என்றால் கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன். 'சல்பைட்' என்று மெய்யெழுத்தில் முடித்தால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. செய்தித்தாள்களிலும் சில வழிகாட்டி நூல்களிலும் இந்தக் குளறுபடியை அடிக்கடி பார்க்கலாம்.

விகுதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் 1944இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்கிறார்கள். மலிவு உணவகம் ஒன்றில் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்ட பதினொரு பேர் உடல் நீலம் பாரித்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்; ஒருவர் இறந்தார். சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக சோடியம் நைட்ரைட்டு கலந்துவிட்டது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்தமுடியாதபடி மாற்றிவிடும். சோடியம் குளோரைடு, சோடியம் நைட்ரேட்டு, சோடியம் நைட்ரைட்டு மூன்றும் வெள்ளைப் படிகங்கள். கண் பிரித்தறியாது, பெயர்ச்சீட்டை நம்பித்தான் ஆக வேண்டும்.

பெயரே பிழையாக நிலைத்துப்போவதும் உண்டு. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய கரைசலை ஹைப்போ என்பார்கள். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டுபிடித்தபோது அதற்கு ஹைப்போசல்பைட்டு என்று பெயர். இன்றைய பெயரீட்டில் அது சோடியம் தயோசல்பேட்டு. ஹைப்போவுக்கு அதில் வேலையே இல்லை.

அலோகமும் அலோகமும் சேரும்போது நிலைமை தலைகீழ். எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் இவை ஒரே விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கார்பனும் ஆக்சிஜனும் சிஓ ஆகவும் சேரும், சிஓ₂ ஆகவும் சேரும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அரை டஜன் வகையில் சேரும். கணக்கு இங்கே கைவிட்டுவிடுவதால் பெயர் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்கிறது: மோனோ, டை, டிரை, டெட்ரா, பென்டா. முதல் தனிமம் ஒன்றே என்றால் மோனோவை விட்டுவிடலாம். 

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சினில் எரிபொருளை எரிக்கும் ஆக்சிஜனேற்றி, டைநைட்ரஜன் டெட்ராக்சைடு: என்₂ஓ₄. வாகனப் புகையில் வரும் செம்பழுப்பு வாயு நைட்ரஜன் டைஆக்சைடு: என்ஓ₂. விகிதம் இரண்டிலும் ஒன்றே. பின்னது இரண்டு மூலக்கூறு சேர்ந்தால் முன்னது. மெக்னீசியம் ஆக்சைடைச் சுருக்கிய அதே கை இங்கும் சுருக்கினால் வேறு பொருள் வந்துவிடும். மூலக்கூறின் வாய்ப்பாடு எண்ணிக்கையைக் காட்டுவது. அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு விகிதத்தைக் காட்டுவது. பாடநூல்கள் இந்த வேறுபாட்டைப் பத்தியோடு பத்தியாகக் கடந்துபோவதால்தான், எப்போது சுருக்குவது என்ற குழப்பம் கல்லூரி வரை தொடர்கிறது.

விவசாயிகளுக்கு நேரடியாகப் பணம் சம்பந்தப்பட்ட பெயர் ஒன்று உண்டு. மயில்துத்தம் என்னும் நீலக்கல் வெறும் காப்பர் சல்பேட்டு இல்லை. ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் அந்தப் படிகத்தில் இருக்கின்றன. முழுப் பெயர் காப்பர் சல்பேட்டு பென்டாஹைட்ரேட்டு. வாய்ப்பாட்டில் நடுவே ஒரு புள்ளி வைத்து ஐந்து எச்₂ஓ என்று எழுதுவார்கள். அந்தப் புள்ளி பெருக்கல் குறி கிடையாது. இதுவும் கூட இருக்கிறது என்று பொருள். எடையில் அந்த நீர் 36 விழுக்காடு. பயிரின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் ஒரு விழுக்காடு போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் என்று சொல்வது இந்த நீலப் படிகத்தைக் கணக்கிட்டுத்தான். நீர் நீங்கிய வெள்ளைப் பொடி கிடைத்தால் ஏறத்தாழ 640 கிராமிலேயே அதே அளவு தாமிரம் வந்துவிடும். ஒரு கிலோ போட்டால் கலவை ஒன்றரை மடங்கு காரமாகிவிடும். பெயரின் கடைசிச் சொல்லைப் படிக்காததற்கு இலை கருகும்.

முறைப்படி பெயர் வைப்பதையே வெறியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2004இல் கலிஃபோர்னியாவின் அலிசோ விஎஹோ நகர மன்றம், 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' என்ற ஆபத்தான பொருள் உற்பத்தியில் பயன்படுகிறது என்பதால் நுரைக் கோப்பைகளுக்குத் தடை விதிக்கலாமா என்று விவாதிக்க இருந்தது. இணையத்தில் யாரோ வேடிக்கைக்கு எழுதியதை நகராட்சிப் பணியாளர் ஒருவர் நம்பிவிட்டார். டைஹைட்ரஜன் மோனாக்சைடு தண்ணீர்தான். 1919இல் தொடங்கிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் தண்ணீருக்கு 'ஆக்சிடேன்' என்று ஒரு முறைப்பெயர் வைத்திருக்கிறது. ஆனால் தண்ணீர், அம்மோனியா போன்ற பழைய பெயர்களை மாற்றும்படி அது யாரையும் கேட்கவில்லை.

இதுவரை பார்த்தவற்றில் பெயரும் வாய்ப்பாடும் ஒன்றையொன்று முழுமையாகத் தந்துவிடும். கார்பன் சேர்மங்களில் அந்த ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. சி₂எச்₆ஓ என்று எழுதினால் 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலும் அதுதான்; அறை வெப்பநிலையில் வாயுவாக இருக்கும் டைமெத்தில் ஈதரும் அதுதான். ஒன்றில் ஆக்சிஜன் ஓரத்தில் ஹைட்ரஜனோடு இருக்கிறது, மற்றதில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் போதாமல், எது எதோடு பிணைந்திருக்கிறது என்பதையும் பெயரே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கான முதல் பன்னாட்டு விதிகளை 1892இல் ஜெனீவாவில் கூடி வகுத்தார்கள். நான்கு கார்பன் கொண்ட பியூட்டேனின் வாய்ப்பாட்டுக்கு இரண்டு அமைப்புகள். பத்து கார்பன் கொண்ட சி₁₀எச்₂₂க்கு 75. பதினோராம் வகுப்பில் மாணவர்கள் திடீரென்று '2-மெத்தில்', '3-எத்தில்' என்று எண்களும் கோடுகளுமாகப் பெயர் எழுதத் தொடங்குவது, அந்த 75ஐயும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்வதற்காகத்தான்.